ஜீப்பின் முகம் யாருடையது?

எங்கள் பாடசாலையில் ஆண்டுதோறும் நடக்கும் பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு ஒருமுறை என் தலையில் விழுந்தது. பழைய பொது அறிவு நூல்கள் இரண்டை வைத்துக்கொண்டு ஐம்பது வினாக்களை ஒரே இரவில் எழுதி முடித்தேன். அவற்றுள் ஒன்று, 'ஜீப் வாகனத்தை உருவாக்கிய கம்பனி எது?' என்பது. விடை 'வில்லிஸ்' என்று நூலில் இருந்தது. நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் 'ஃபோர்ட்' என்று விடை எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அந்த ஒரு புள்ளியால் அவனுக்கு மூன்றாம் இடம் தவறிப் போனது. மறுநாள் மாலை அவனுடைய வாப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தார். பிரதான வீதியில் கராஜ் வைத்திருப்பவர். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது.

"சேர், மகன் எழுதினது பிழை எண்டு சொன்னீங்களாம். கோபிக்கப்படா. இந்தா, இதக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

தாளைப் பிரித்தால் உள்ளே ஒரு போல்ட். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதன் தலையில் சாய்வெழுத்தில் ஆங்கில 'எஃப்' ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது.

"நம்மட பழைய ஜீப்புல கழட்டினது. இது மட்டுமில்ல, இன்னும் கனக்க இடத்துல இந்த எழுத்துக் கிடக்கு. மகன் சின்னதுல இருந்து பாக்கிற. அதான் அப்படி எழுதியிருக்கான்."

என்னிடம் இருந்தது நூலில் அச்சான ஒரு சொல். அவரிடம் இருந்தது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய இரும்பு. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன், பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் வரலாறு கற்பித்த விரிவுரையாளர், மூலச் சான்றைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள் என்று எங்களுக்கு ஓயாமல் சொல்லுவார். இருபது வருடங்களுக்குப் பின்னர் அந்தப் பாடம் ஒரு போல்ட்டின் வடிவில் என் வீட்டுக்கு வந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கராஜுக்குப் போய் அந்த ஜீப்பைப் பார்த்தேன். அதன் சொந்த எஞ்சின் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது ஜப்பானிய டீசல் எஞ்சின். தன் வாப்பாவின் காலத்தில், உலக யுத்தம் முடிந்து இராணுவம் கழித்துவிட்ட வாகனங்களில் ஒன்றாக அது வந்தது என்று பாஸ் சொன்னார். எழுத்துச் சான்று எதுவும் அவரிடம் இல்லை. ஆயினும் அக்கதை நடக்க முடியாத ஒன்றல்ல. தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் கண்டிக்கு மாற்றப்பட்டது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் அலுவலகங்கள் பேராதனைப் பூங்காவில் இயங்கின. அக்காலத்தில் இந்நாட்டின் தெருக்களில் ஜீப்புகள் ஓடின. இன்று எந்த நான்கு சக்கர இயக்க வண்டியைக் கண்டாலும் நம்மவர்கள் 'ஜீப்' என்றே சொல்வது அக்காலத்தின் மிச்சம் எனலாம்.

அன்று தொடங்கிய தேடல் பல மாதங்கள் நீண்டது. வாகனமென்றால் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்கு அப்பால் எதுவும் தெரியாத எனக்கு அது புது உலகம். தேடிக் கண்டதைச் சுருக்கமாக இங்கு தருகின்றேன்.

1940 ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஐரோப்பாவில் பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. அமெரிக்க இராணுவத்துக்கு வேவு பார்ப்பதற்கென இலேசான, நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு வாகனம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. 135 கம்பனிகளுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. எடை 1,300 இறாத்தலுக்கு மேற்படக்கூடாது, முதல் மாதிரி வண்டியை 49 நாட்களுள் ஒப்படைக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். அத்தனை கம்பனிகளுள் அக்கறையுடன் முன்வந்தவை இரண்டே. ஒன்று ஒஹாயோ மாநிலம் டொலிடோவைச் சேர்ந்த வில்லிஸ் ஓவர்லாண்ட். மற்றது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற சிற்றூரில் இருந்த அமெரிக்கன் பாண்டம். சின்னஞ்சிறு கார்களைச் செய்து விற்க முயன்று நொடித்துப் போகும் நிலையில் இருந்த சிறு கம்பனி அது.

பாண்டம் கம்பனியிடம் வரைபடம் போட ஓர் எஞ்சினியர்கூட இருக்கவில்லை. டெட்ரோயிட்டில் தனியாகத் தொழில் செய்துவந்த கார்ல் ப்ரோப்ஸ்ட் என்பவரை அழைத்தார்கள். அவர் பட்லருக்கு வந்து இரண்டு நாட்களில் வண்டியின் அடிப்படை வரைபடத்தை முடித்தார். ஹெரல்ட் கிரிஸ்ட் என்பவரின் மேற்பார்வையில் தொழிலாளர்கள் கையால் அடித்தும் ஒட்டியும் முதல் வண்டியைச் செய்தார்கள். செப்டம்பர் 23 ஆம் திகதி ப்ரோப்ஸ்டும் கிரிஸ்டும் அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டு மேரிலாண்ட் மாநிலத்தின் ஹொலபேர்ட் இராணுவ முகாமுக்குப் போனார்கள். கொடுக்கப்பட்ட தவணை முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது வாசலில் வண்டி நின்றது.

வண்டி எடை கூடியதாக இருந்தாலும் பரிசோதனைகளில் தேறியது. ஆனால், ஆயிரக்கணக்கில் செய்து தர இந்தச் சிறு கம்பனியால் இயலுமா என்ற ஐயம் இராணுவத்துக்கு இருந்தது. ஆகவே, வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு கம்பனிகளின் ஆட்களும் அவ்வண்டியைப் பார்வையிட அனுமதிக்கப்பட்டார்கள். பாண்டத்தின் வரைபடங்களும் அவர்களின் கைக்குப் போயின. அவ்வருடம் நவம்பரில் வில்லிஸ் தனது 'குவாட்' மாதிரியையும், ஃபோர்ட் தனது 'பிக்மி' மாதிரியையும் கொண்டுவந்து நிறுத்தின. மூன்று கம்பனிகளிடமும் தலா 1,500 வண்டிகள் கேட்கப்பட்டன. எடை எல்லை 2,160 இறாத்தலாக உயர்த்தப்பட்டது.

இம்மூன்றுள் வில்லிஸ் வண்டியின் பலம் அதன் எஞ்சின். டெல்மார் ரூஸ் என்ற எஞ்சினியர் மெருகேற்றிய அந்த எஞ்சின் 60 குதிரைவலு தந்தது. பாண்டத்தின் எஞ்சின் ஏறக்குறைய 45 மட்டுமே. 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. அவ்வருட இறுதியில், அதே வண்டியை வில்லிஸின் வரைபடத்தின்படி செய்து கொடுக்கும் ஒப்பந்தம் ஃபோர்டுக்கும் கிடைத்தது. யுத்தம் முடியும்வரை வில்லிஸ் ஏறத்தாழ 360,000 வண்டிகளையும் ஃபோர்ட் ஏறத்தாழ 280,000 வண்டிகளையும் செய்தன. பாண்டம் செய்தது எல்லாமாக 2,700 அளவில். அதன் பின்னர் ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் சிறு ட்ரெய்லர்களைச் செய்யும் வேலையே அதற்கு மிஞ்சியது.

இங்குதான் பாஸ் கொண்டுவந்த போல்ட்டின் கதை விளங்குகிறது. ஃபோர்ட் தயாரித்த ஜீப்பின் பெயர் ஜி.பி.டபிள்யூ. அதிலுள்ள 'டபிள்யூ' வில்லிஸைக் குறிக்கும். ஒரே வரைபடத்தில் இரு கம்பனிகள் செய்த பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆதலால் எது தன்னுடையது என்று தெரிவதற்காக ஃபோர்ட் தனது பாகங்களில், போல்ட்டின் தலை வரைக்கும், 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. வண்டியின் பின்பக்கத் தகட்டிலும் இரு கம்பனிகளும் தத்தமது பெயரை அழுத்தியிருந்தன. 1942 இல் இராணுவம் அதைத் தடுத்துவிட்டது. பின்தகட்டிலிருந்து பெயர் போனது. போல்ட்டின் தலையில் எழுத்து மிஞ்சியது.

இனி முகத்துக்கு வருவோம். ஜீப் என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது அதன் முன்பக்கம்தான். இரு பக்கமும் வட்ட விளக்குகள், நடுவே நெட்டு நெட்டாக வெட்டிய துவாரங்கள். உலகெங்கும் வில்லிஸின் முகமாக அறியப்படுவது அது. ஆனால், வில்லிஸ் செய்த முதல் எம்.பி. ரக ஜீப்புகளுக்கு அந்த முகம் இருக்கவில்லை. தட்டையான இரும்புக் கம்பிகளை வரிசையாக வைத்து ஒட்டிய கிரில் ஒன்றே அவற்றின் முன்னால் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி அடித்ததுபோல் இருக்கும். 1941 இன் இறுதியிலிருந்து 1942 மார்ச் மாதத் தொடக்கம் வரை செய்யப்பட்ட 25,808 வண்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நான்கு. அவற்றிலும் பெரும்பாலானவை யுத்தத்தில் அழிந்தன. பழைய வாகனங்களைச் சேகரிப்போர் இன்று தேடியலையும் அரிய வகை இதுவே.

கம்பி கிரில்லை மாற்றியது யார்? ஃபோர்ட். கம்பிகளைத் தனித்தனியாக ஒட்டுவதற்குப் பதிலாக, ஒரே இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி ஒன்பது துவாரங்களை வெட்டியெடுக்கும் கிரில்லை ஃபோர்ட் செய்தது. எடையும் குறைவு, செலவும் குறைவு. வில்லிஸும் அதையே ஏற்றுக்கொண்டது. விளக்குகளைக் கிரில்லுக்குள் பாதுகாப்பாக வைப்பதும், அவற்றைத் திருப்பி எஞ்சினுக்கு வெளிச்சம் பிடிக்க வசதி செய்ததும்கூட ஃபோர்டின் பிக்மி மாதிரியில் வந்தவையே. வில்லிஸின் முந்திய எம்.ஏ. ரகத்தில் விளக்குகள் மட்காட்டின் மேல் நின்றன. ஆக, உடலின் முதல் வடிவம் பாண்டத்தினுடையது. இருதயம் வில்லிஸினுடையது. முகம் ஃபோர்டினுடையது.

இப்போது கம்பி கிரில் வண்டிக்கு விலை அதிகம். ஆதலால் போலிகளும் உண்டு. சில போல்ட்களைக் கழற்றினால் கிரில் கையோடு வந்துவிடும். புதிதாகச் செய்த கம்பி கிரில்லை 1944 ஆம் ஆண்டு வண்டியில் பூட்டி 1941 என்று சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். டாஷ்போர்டில் அடிக்கும் விபரத் தகடுகளும் புதிதாக அச்சிட்டு விற்கப்படுகின்றன. அப்படியென்றால் உண்மையை எவ்வாறு அறிவது?

அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதியொன்று கடைசித் தாள் கிழிந்த நிலையில் கிடைத்தால் நம் ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? தாளையும் மையையும் பார்க்கிறார்கள். எழுத்தின் சாயலைப் பார்க்கிறார்கள். கட்டிய நூலைப் பார்க்கிறார்கள். ஒன்று சொல்வதை மற்றது ஆமோதிக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். ஜீப் ஆய்வாளரின் வழியும் அதுவே.

முதலில் சேசிஸ். முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். பெட்டிபோல் சதுரமாக இருந்தால் ஃபோர்ட். அடுத்தது இலக்கம். வில்லிஸ் தன் இலக்கத்தை ஒரு சிறு தகட்டில் அடித்து, இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம், பம்பருக்குப் பின்னால் ஆணி வைத்து இறுக்கியது. ஃபோர்ட் சட்டத்தின் மேலேயே இலக்கத்தைக் குத்தியது. வில்லிஸின் இலக்கங்கள் 100001 இல் தொடங்குவதால், 125808 க்கு உட்பட்ட இலக்கமே கம்பி கிரில்லுக்குப் பொருந்தும். பின்னர் டாஷ்போர்ட். ஆரம்ப வண்டிகளில் சாமான் வைக்கும் சிறு பெட்டி கிடையாது. சக்கரமும் பிற்காலத்தைப் போல் இரு துண்டாகப் பிரியாத ஒரே வார்ப்பு வகை. பின்புறத்தில் எண்ணெய்க் கேன் வைக்கும் தாங்கியும் இல்லை. பின்தகட்டில் 'வில்லிஸ்' என்ற பெயர் இருப்பது நல்ல அடையாளம்தான், ஆனால் கிரில் மாறிய பிறகும் சில மாதங்கள் அப்பெயர் தொடர்ந்தது. ஆகவே அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது. இவை யாவும் ஒரே காலத்தைச் சுட்டினால்தான் கிரில் சொல்வது மெய்.

முகத்துக்கு இப்படியென்றால், பெயருக்கும் ஒரு கதை உண்டு. 'ஜி.பி.' என்ற இரு எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னதால் ஜீப் வந்தது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 'பொதுத் தேவைக்கானது' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது என்றும் விளக்கினேன். ஃபோர்டின் ஏடுகளில் 'ஜி' என்பது அரசாங்க வண்டியையும் 'பி' என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்த குறியீடுகள். புதிய ஆட்களையும் பரிசோதிக்கப்படாத வண்டிகளையும் 'ஜீப்' என்று அழைக்கும் வழக்கம் அமெரிக்கப் படையினரிடம் முன்பே இருந்தது. 1936 இல் பொப்பாய் சித்திரக் கதையில் எங்கும் போய்வரும் விசித்திரப் பிராணியொன்று அதே பெயரோடு வந்தது. 1941 பெப்ரவரியில் வில்லிஸின் ஓட்டுநர் அமெரிக்கக் காங்கிரஸ் கட்டடத்தின் படிகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார். கதரின் ஹில்யர் என்ற பத்திரிகையாளர் அதைப்பற்றி எழுதியதன் பின் பெயர் நாடெங்கும் பரவியது.

யுத்தம் நடக்கும்போதே, ஜீப்பை உருவாக்கியது தாமே என்று வில்லிஸ் பெரிய பெரிய விளம்பரங்கள் செய்தது. பாண்டத்திடம் அப்படி விளம்பரம் செய்யப் பணம் இல்லை. 1943 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இந்த விளம்பரங்களுக்கு எதிராக முறைப்பாடு பதிந்தது. ஐந்து வருடங்களின் பின்னர், 1948 இல், ஆணைக்குழு தீர்ப்புச் சொன்னது. ஜீப் என்ற எண்ணம் இராணுவ அதிகாரிகள் சிலரின் ஒத்துழைப்போடு பாண்டம் கம்பனியில் பிறந்தது என்றும், தாம் உருவாக்கியதாக வில்லிஸ் விளம்பரம் செய்யக்கூடாது என்றும் அது கூறியது. ஆனால், 1950 இல் 'ஜீப்' என்ற வர்த்தகப் பெயர் வில்லிஸுக்கே பதிவாகிவிட்டது. தீர்ப்பு கோப்பில் இருந்தது. பெயர் சந்தையில் இருந்தது. எனது பொது அறிவு நூலுக்கு வந்து சேர்ந்தது சந்தையில் இருந்ததுதான்.

முகத்தின் கதை அதோடு முடியவில்லை. 1945 இல் பொதுமக்களுக்கென வில்லிஸ் செய்த முதல் ஜீப்பில் விளக்குகள் பெரிதாக்கப்பட்டன. இடம் போதாமல் ஒன்பது துவாரங்கள் ஏழாயின. ஏழு கண்டங்களைக் குறிக்கவே ஏழு துவாரங்கள் என்று பிற்காலத்தில் ஓர் அழகான விளக்கம் சொன்னார்கள். விளக்கின் விட்டத்தை அளந்து பார்த்தால் கண்டங்களுக்கு அங்கே வேலையில்லை. வில்லிஸின் உரிமை பல கைகள் மாறி டெய்ம்லர் கிரைஸ்லரிடம் இருந்தபோது, ஹம்மர் எச்-2 வண்டியின் ஏழு துவார முகம் தம்முடையது என்று அக்கம்பனி ஜெனரல் மோட்டர்ஸுடன் வழக்காடியது. தடையுத்தரவு கொடுக்க 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது.

இந்தியாவின் மஹிந்திரா கம்பனியும் பின்னர் இத்தகைய வழக்கொன்றில் சிக்கியது. 1945 இல் 'மஹிந்திரா அன்ட் முஹம்மத்' என்ற பெயரில் தொடங்கிய கம்பனி அது. பங்காளியான மலிக் குலாம் முஹம்மத் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதலாவது நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை ஆளுநர் நாயகமாகவும் இருந்தார். 1948 இல் கம்பனியின் பெயரும் மாறியது. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிய அதே மஹிந்திரா, எழுபது வருடங்களின் பின் அமெரிக்காவில் விற்ற ரொக்ஸர் வண்டி ஜீப்பின் தோற்றத்தைப் பறித்தது என்று 2020 இல் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு முடிவு செய்தது. முகத்தை மாற்றிய பின்னரே விற்க முடிந்தது. இத்தனை வழக்குகளுக்கும் மூலமான அந்த முகத்தை 1942 இல் வில்லிஸ் ஃபோர்டிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பாண்டத்தின் முதல் மாதிரி வண்டி இன்று இல்லை. பாண்டம் முதலில் செய்த எழுபதில் ஏழாவது வண்டி, 'கிராம்ப்ஸ்' என்று செல்லமாக அழைக்கப்படுவது, ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. வில்லிஸின் குவாட் இரண்டும் தொலைந்து போயின. ஃபோர்டின் பிக்மி எஞ்சியிருக்கிறது. 2011 முதல் பட்லர் ஊரவர்கள் பாண்டம் ஜீப்புக்கென்று ஒரு விழாவை நடத்தத் தொடங்கினார்கள். எழுபது வருடம் பிந்திய விழா.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு மீண்டும் கராஜுக்குப் போனேன். பாஸும் மகனும் நானும் ஜீப்பின் அடியில் குனிந்தோம். முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். வில்லிஸ்! இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் ஆணித் துவாரங்கள் மட்டும் இருந்தன. இலக்கத் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். கிரில் ஒன்பது துவாரம் கொண்டது. போல்ட்கள் ஃபோர்டினுடையவை. ஆக, அது இரண்டு கம்பனிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி. பாஸின் வாப்பா காலத்துக் கராஜில் அது நடந்திருக்கலாம், அதற்கு முன்னர் இராணுவப் பட்டறையிலும் நடந்திருக்கலாம்.

"அப்ப சரியான விடை என்ன சேர்?" என்று கேட்டான் பையன்.

"நான் எழுதினதும் அரைவாசி. நீ எழுதினதும் அரைவாசி" என்றேன். "ஆனா நீ கண்ணால கண்டு எழுதினாய். நான் காணாம எழுதினேன்."

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் பிழையை மாணவர்கள் முன் சொன்னேன். பாண்டம் கம்பனியின் பெயரையும் சொன்னேன். அதிபரின் அனுமதியோடு அந்த ஒரு புள்ளியை அவனுக்குச் சேர்த்தேன். மூன்றாம் இடத்தை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வினாவை நான் வினாத்தாளிலிருந்து எடுத்துவிடவில்லை. அடுத்த வருடப் போட்டியில் 'உனது விடைக்கு நீ கண்ட சான்று என்ன?' என்ற ஒரு வரியைச் சேர்த்து அதையே மீண்டும் கேட்டேன்.

போல்ட்டை பாஸ் திருப்பி வாங்கவில்லை. என் மேசையில் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் பாரமாக வைத்திருக்கிறேன்.